இரண்டு பேரும் சரி சொல்லும் வரை

“நான் சரின்னு சொல்லிட்டேனேம்மா” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“நான் முடியாதுன்னு சொல்லிட்டேனே” என்றாள் அவர் மனைவி.

இருவரும் மகளைப் பார்த்தார்கள். மகள் தட்டிலிருந்த சாப்பாட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இலக்கியம் படிக்கட்டுமா என்று காலையில் அப்பாவிடம்தான் முதலில் கேட்டாள். அவர் அப்போது வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றார். நுரையைத் துப்பிவிட்டு விசாரிப்பதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஆட்டிவிட்டார். சாயங்காலம் அதே கேள்வி அம்மாவிடம் போனது. அம்மா வாயில் நுரை இல்லை. “முடியாது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வேறு வீடாக இருந்தால் யாருக்குக் குரல் பெரிதோ அவர் ஜெயித்திருப்பார். இந்த வீட்டில் அது நடக்காது. காரணம், லிஃப்ட்.

லிஃப்ட் பழுது பார்ப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் உச்சியில், மெஷின் ரூமில், மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பார். கூண்டின்மேல் நிற்பவரின் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று மோட்டாரிடம் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் ஒரு விதி உண்டு. மேலே இருப்பவர் “சரியா?” என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் “சரி” என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் கூண்டு ஓர் அங்குலம் நகரக் கூடாது. “ம்” செல்லாது. இருமல் செல்லாது. மௌனம் செல்லவே செல்லாது.

இந்த விதியின் அழகில் மயங்கிய மெக்கானிக், கல்யாணமான புதிதிலேயே அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். எதற்கும் இருவரும் சரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். சோபா வாங்குகிற விஷயம் அப்படித்தான் பல வருஷமாக இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

சோபா தொங்கலாம். மகளின் படிப்பு தொங்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

“ஏன் வேண்டாங்கறே? காரணம் சொல்லு” என்றார் மெக்கானிக்.

“படிச்சிட்டு என்ன பண்ணப் போறா? எங்கயாவது உக்காந்து போன் எடுப்பா.”

“போன் எடுக்கறது நல்ல வேலைதானே? நீ எடுக்கலையா?”

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சர்வீஸ் போனை எடுப்பதில் அவளுக்கு இணை கிடையாது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் அலறுவார்கள், அடுத்துத் திட்டுவார்கள், பிறகு மூச்சு முட்டுகிறது என்பார்கள். இவள் மெல்லப் பேச்சுக் கொடுத்து ஏதோ ஒரு கதையை ஆரம்பிப்பாள். மெக்கானிக் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால், உள்ளே இருப்பவர் காதில் போனோடு, “ஒரு நிமிஷம் இருங்க சார், அந்தத் தம்பி திரும்பி வந்தானா இல்லையான்னு கேட்டுட்டு வரேன்” என்று கையைக் காட்டுவார். ஏதோ ஒரு டிகிரி படித்தவள், அதுதான் பில்லும் சுத்தமாக எழுதுகிறாள், பேச்சும் சுத்தமாகப் பேசுகிறாள் என்பது மெக்கானிக்கின் கணிப்பு.

அன்றிரவே அவர் மகளிடம் கேட்டார்.

“கண்ணு, அப்பா உன் கட்சிதான். ஆனா அம்மாகிட்ட வாதாடணும்னா எனக்கு விஷயம் தெரியணும். இலக்கியத்துல என்னதான் சொல்லித் தருவாங்க?”

மகள் யோசித்தாள். “ஒரு கதை எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லித் தருவாங்கப்பா.”

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதானே அவருடைய பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மகளின் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கருவிப் பையில் போட்டுக்கொண்டார். மெஷின் ரூம்களில் உட்கார்ந்து அதைப் படித்தார். பக்கங்களில் கிரீஸ் கட்டைவிரல் பதிந்தது. சாயங்காலம் வரும்போது முகத்தில் வெளிச்சம்.

“இங்க வா, உக்காரு” என்று துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார். “லிஃப்ட் எப்படி மேல போகுதுன்னு உனக்குத் தெரியுமா?”

“மோட்டார் இழுக்குது.”

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க. கூண்டோட கனம், உள்ள இருக்கற ஜனங்களோட கனம், அத்தனையும் ஒரு மோட்டார் இழுக்கணும்னா திணறிடும். அதனால கயித்தோட இந்தப் பக்கம் கூண்டு, அந்தப் பக்கம் எடைக்கட்டை. கட்டை இறங்க இறங்க, கூண்டு ஏறும். மோட்டார் லேசா ஒரு தள்ளு தள்ளினா போதும். நாவலும் அதேதான். ஒருத்தன் கதையில மேல வரணும்னா, எதிர்ப்பக்கம் ஒருத்தன் கனமா கீழ இறங்கிட்டே இருக்கணும்.”

மனைவி ஒரு சட்டையின் கையை மடித்து, அதை மறுபடி பிரித்தாள். “ரெண்டும் ஒரே கயித்துலதான் தொங்கணும், இல்லீங்களா?”

“அதேதான். பரவாயில்லையே, உனக்கே புரியுதே. நீ கொஞ்சம் மெனக்கெட்டா நீகூடப் படிக்கலாம்.”

“அப்படியா” என்றாள் மனைவி. “அப்போ எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத கதை இருக்கே. ஒருத்தன் தனியா உக்காந்து யோசிச்சிட்டே இருப்பான். அது எப்படி மேல போகுது?”

மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டார். எடைக்கட்டை இல்லாத லிஃப்ட். அப்படியும் உண்டுதான், கீழேயிருந்து எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற வகை. ஆனால் யோசிக்கிற மனுஷனுக்குள் எண்ணெய் எங்கிருந்து வரும்?

அந்தக் கேள்வி இரவெல்லாம் அவரைப் பிறாண்டியது. காலையில் மகளிடம் போய், “கண்ணு, எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத நாவல் எப்படி ஓடுது? இது தெரியாம நீ எந்த தைரியத்துல படிக்கப் போறே?” என்று கேட்டார்.

“அப்பா, நீங்க யார் கட்சி?”

“உன் கட்சிதான். ஆனா சந்தேகம் வருதே.”

“தயவுசெஞ்சு எனக்கு உதவி பண்ணாதீங்கப்பா” என்றாள் மகள்.

இதுவரை வீட்டில் ஒரு சரியும் ஒரு முடியாதும் இருந்தன. இப்போது ஒரு முடியாதும் அரைச் சரியும்.

வேலையிடத்தில் அவருடைய ஜோடி ஆளுக்குப் ‘பொறுமை’ என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை நாலு கோணத்தில் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார்.

“அண்ணே, அண்ணிக்கு விளக்கம் வேணாம். சாட்சி வேணும். இலக்கியம் படிச்சு நல்லா இருக்கற ஆளைக் கொண்டுபோய்க் காட்டுங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மெக்கானிக் போகிற கட்டடத்திலெல்லாம் விசாரித்தார். ஒரு குடியிருப்பில் ஓர் ஆள் “நான் இலக்கியம்தான் படிச்சேன்” என்று உற்சாகமாகக் கையைத் தூக்கினார். மெக்கானிக் அந்த இடத்திலேயே மனைவிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தார். அந்த ஆள் குளியலறை டைல்ஸ் விற்கிறவர். இலக்கியம் மனதை எப்படி விசாலமாக்குகிறது என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டுக் குளியலறை எவ்வளவு விசாலம் என்று கேட்டு, வழுக்காத ரகம் இரண்டைச் சிபாரிசு செய்து முடித்தார்.

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி, அவர் வீடு திரும்பியதும். “மனுஷன் நல்லாத்தான் பேசறாரு. அவ்வளவும் டைல்ஸுக்குப் போகுது. எம் பொண்ணுக்கு அது வேண்டாம்.”

இப்படியாக வியாழக்கிழமை வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் மகள் சேர விரும்பிய கல்லூரியிலேயே மெக்கானிக்குக்கு வேலை. அங்கிருந்த பழைய லிஃப்டில் ஒரு ரிலே தகராறு செய்துகொண்டிருந்தது. ரிலே என்பது ஒரு குட்டி சுவிட்ச். மனிதக் கைக்குப் பதில் மின்சாரமே அதை அழுத்தும். வயதானால் அது ஒட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் எழுந்திருக்காது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று மெக்கானிக் அதை முன்பே விட்டுவைத்திருந்தார்.

மூன்றாவது மாடியில் இலக்கியத் துறை. வராந்தாவில் பேராசிரியை ஒருவர் வந்தார். நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, சிரித்தால் தோள் குலுங்கும். மெக்கானிக் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு கும்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“அம்மா ஒத்துக்கலையா? அப்பா இல்ல, அம்மாவா?” பேராசிரியைக்கு ஆச்சரியம். “வழக்கமா அப்பாக்கள்தான் சார் வந்து சண்டை போடுவாங்க.”

“அவ ரொம்ப உறுதி மேடம். நான் எடுத்துச் சொன்னா எதிர்க்கேள்வி கேக்கறா. எதிர்க்கேள்வி கேட்டா எனக்கே குழம்பிடுது. நீங்க பேசினீங்கன்னா…”

“கூட்டிட்டு வாங்க. பேசறேன்.”

“வரமாட்டா மேடம். போனை யார் எடுப்பாங்கன்னு கேப்பா.”

அங்கே நின்றபடியே மெக்கானிக்குக்கு ஒரு திட்டம் தோன்றியது. ஓடுகிற லிஃப்டை வேண்டுமென்றே நிறுத்துவது அவர் தொழிலில் பெரிய பாவம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே இறங்கிவிட்டது. மனைவியை ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைப்பது. பேராசிரியை கீழே லிஃப்டுக்குள் தயாராக நிற்பது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது. போக இடம் இல்லாவிட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

பேராசிரியையின் தோள் குலுங்கியது. “நான் எங்கெங்கயோ பாடம் எடுத்திருக்கேன். தொங்கிட்டு எடுத்தது இல்ல. சரி, வரேன்.”

மெக்கானிக் வீட்டுக்குப் போன் செய்தார். “கதவுச் சாவியை மறந்துட்டேன். கொஞ்சம் எடுத்துட்டு வாயேன். மெஷின் ரூமுக்கே கொண்டு வந்துடு.”

“போன தடவை மறந்தப்ப நீங்களே வந்து எடுத்துட்டுப் போனீங்க.”

“இன்னிக்கு முடியாதும்மா. சர்வீஸ் போனையும் கையிலயே எடுத்துட்டு வந்துடு, வர்ற போனை இங்கிருந்தே எடுக்கலாம்.”

அந்தச் சாவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டின் வெளிக்கதவில் ஒரு சின்ன முக்கோணத் துளை இருக்கும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே இருந்து அந்தக் கதவைத் திறக்க அந்த முக்கோணச் சாவி வேண்டும். பொய் சொல்வதில் பழக்கமில்லாத மெக்கானிக், பொய் நிஜமாக இருக்கட்டும் என்று, காலையில் உண்மையாகவே வீட்டில் தங்கிவிட்ட அந்தச் சாவியையே சாக்காக வைத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் மனைவி லிஃப்டுக்குள் ஏறுவதை மாடிப்படி மேலிருந்து பொறுமை எட்டிப் பார்த்து, மெஷின் ரூம் வாசலில் நின்ற மெக்கானிக்குக்குக் கையை அசைத்தார். மோட்டார் முனகியது. கயிறுகள் ஓடின. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் திருகினார். லிஃப்ட் நின்றது.

தரையில் கயிறு போகும் துளை வழியாக ஒரு பெண் குரல் மேலே வந்தது. பேராசிரியையின் குரல் இல்லை. மனைவியின் குரல். விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணி சண்டை போடறாங்கண்ணே” என்றார் மேலே வந்து சேர்ந்த பொறுமை.

“அடப்பாவமே. பேராசிரியையை நாமளே கொண்டுபோய் மாட்டிவிட்டுட்டோமே. எடுத்துடுவோம்.”

சுவிட்சைப் பழைய இடத்துக்குத் திருகினார். லிஃப்ட் நகரவில்லை. மறுபடி திருகினார். அந்த வயதான ரிலே இந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

“பரவாயில்லண்ணே. வெளிக்கதவைத் திறந்து பேச்சாவது கொடுப்போம். சாவியைக் கொடுங்க” என்றார் பொறுமை.

மெக்கானிக் பையைத் துழாவினார். துழாவிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிற சாவி, மாட்டிக்கொண்டவளின் கையில் இருந்தது.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். பதற்றத்தில் விரல் பழக்கப்பட்ட எண்ணுக்கே போனது. மறுமுனையில் மணி ஒருமுறை அடித்ததும் நிதானமான குரல் வந்தது.

“லிஃப்ட் சர்வீஸ், சொல்லுங்க. பயப்படாதீங்க. எத்தனை பேர் மாட்டியிருக்கீங்க?”

“ரெண்டு பேர்” என்றார் மெக்கானிக். “நீயும் மேடமும்.”

“ஓ, நீங்களா.”

“பயப்படாதேம்மா, இதோ எடுத்துடறேன்.”

“பயமெல்லாம் இல்ல. மெதுவாவே பண்ணுங்க. அவசரமே இல்ல.”

பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியையா? மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். இத்தனை வருஷ சர்வீஸில் மெதுவாக எடுங்கள் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

“மேடம் ஏதாவது சொன்னாங்களா?”

“நிறைய சொன்னாங்க. நானும் சொன்னேன். அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

மின்சாரம் கைவிட்டால் கையால் இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. மோட்டாரின் பிரேக்கை ஒருவர் நெம்புகோலால் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பெரிய சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். கயிற்றில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருக்கும். கோடு நேருக்கு நேர் வந்தால் கூண்டு ஒரு மாடிக்குச் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். வந்துவிட்டால் உள்ளேயிருந்து கதவை இழுத்தே திறந்துகொள்ளலாம்.

பொறுமை நெம்புகோலைப் பிடித்தார். மெக்கானிக் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, கயிற்றுத் துளையில் குனிந்து கத்தினார்.

“நகர்த்தப் போறேன். சரியா?”

பதில் இல்லை. கீழே பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. விதி விதிதான். அவர் காத்திருந்தார். நெம்புகோலைப் பிடித்த பொறுமையின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

“ஏம்மா, சரியா?”

பேச்சு நின்றது. பிறகு மனைவியின் குரல் மேலே வந்தது, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக.

“அவ சேரட்டும். நீங்க லிஃப்டை நகர்த்துங்க. ரெண்டுக்கும் சரி.”

மெக்கானிக்கின் கை சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. “அண்ணே, சுத்துங்கண்ணே, கை போகுது” என்று பொறுமை முதல்முறையாகப் பொறுமை இழந்தார்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தபோது மெக்கானிக் மூச்சு வாங்க எதிரே நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. சிரித்த கண்ணா, அழுத கண்ணா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மனைவி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, முக்கோணச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஒரு நிபந்தனை” என்றாள். “படிச்சு முடிச்சு அவளுக்கு ஒரு வேலை வந்தா, அவ போகணும். யார் குறுக்க வந்தாலும் விடக் கூடாது.”

“யாரும்மா குறுக்க வரப் போறா?” என்றார் மெக்கானிக். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு நாள் தன்னால் ஆகாததை ஒரே மூச்சில் சாதித்துவிட்டாரே என்று பேராசிரியை பக்கம் திரும்பினார்.

“மேடம், இலக்கியம்னா என்னன்னு இவளுக்குப் புரியற மாதிரி என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்களேன்.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

“இவளுக்கு நான் சொல்லணுமா சார்? காலேஜ்ல எங்க இலக்கிய வகுப்புலயே இவதான் முதல். நான் பாக்கற இந்த வேலைக்கு முதல்ல ஆர்டர் வந்ததே இவளுக்குத்தான், இவ உங்களைக் கட்டிக்கிட்டுப் போனதாலதான் ரெண்டாவதா வந்த எனக்குக் கிடைச்சது.”